ஸ்னைடர்: ஒரு தலைமுறை பழைய துப்பாக்கி

எங்க பக்கத்தில் பாதி இடங்களுக்குப் பேர் வைத்தது கம்பெனிக்காரர்கள்தான். தீப்பெட்டி செய்த விம்கோ இருந்ததால் விம்கோ நகர். அஜாக்ஸ் என்றால் பஸ் ஸ்டாப். தியாகராஜர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் இருக்கிற திருவொற்றியூரில் கண்டக்டர் கத்துற பேர்களில் பாதி ஃபேக்டரிப் பேர். அந்த வரிசையில் என்ஃபீல்டும் ஒன்று. "அவுங்க வீட்டுக்காரர் என்ஃபீல்டுல இருக்காரு" என்றால் எங்க தெருவில் ஒரு தனி மரியாதை. நம்பி பொண்ணு குடுக்கலாம் என்று அர்த்தம் :-)

போன மாசம் அக்கா பையன் ஒரு கேள்வி கேட்டான். எட்டாவது படிக்கிறான். "மாமா, பழைய புல்லட்ல எதுக்கு பீரங்கி படம்?"

"துப்பாக்கி மாதிரி செஞ்ச வண்டின்னு அவங்க விளம்பரம்டா. அதான்."

"எந்தத் துப்பாக்கி மாதிரி?"

நல்ல கேள்வி. தேட ஆரம்பித்தால் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மோட்டார் சைக்கிளில் ஆரம்பித்து, குதிரைப்படைக்காரன் தோளில் தொங்கிய ஒரு குட்டைத் துப்பாக்கியில் போய் நின்றேன். பேர் ஸ்னைடர் கார்பைன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு உட்காரவும். ராணுவ வரலாறு தெரிந்த பெரியவர்கள் குட்டாமல் படிக்கவும்.

கெட்டிக்கிற துப்பாக்கி

முதலில் பழைய துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடலாம். நரிக்குறவர்கள் கையில் இருக்கும் நாட்டுத் துப்பாக்கியை நம்மில் நிறைய பேர் பார்த்திருப்போம். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நார் மாதிரி எதையாவது அடைத்து, ரவையைப் போட்டு, ஒரு கம்பியால் இடித்து இடித்துக் கெட்டிக்கணும். ஒரு வெடி வெடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து. உலகத்தில் எல்லா ராணுவமும் பல நூறு வருஷம் இதைத்தான் செய்தது. நன்றாகப் பழகிய சிப்பாய் ஒரு நிமிஷத்தில் மூன்று முறை சுடலாம். அவ்வளவுதான்.

தரையில் நிற்பவனுக்கே இந்தப் பாடு. குதிரை மேல் இருப்பவனை யோசித்துப் பாருங்க. ஒரு கையில் கடிவாளம். குதிரை நிற்காது. இன்னொரு கையால் மருந்து கொட்டி, கம்பி போட்டு இடிக்கணும். அதனால் குதிரைப்படைக்குக் குழல் குட்டையாக, எடை கம்மியாக ஒரு துப்பாக்கி செய்தார்கள். அதுதான் கார்பைன். குட்டையாக்கியும் கெட்டிக்கிற பிரச்சனை போகவில்லை. குழலின் பின்பக்கத்தைத் திறந்து தோட்டாவை உள்ளே வைக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனைக்கு முதலில் ஏங்கியவர்களில் குதிரைப்படைக்காரர்களும் உண்டு. 1850களிலேயே அமெரிக்காவின் ஷார்ப்ஸ் கார்பைனைப் பிரிட்டிஷ்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரக் குதிரைப்படைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

'வெள்ளைக்கார' என்ற வார்த்தையைக் கவனிச்சுக்குங்க. இந்தப் பதிவு முழுக்க அது வரும்.

பல்லால் கடிக்கிற தோட்டா

1853ல் வந்தது என்ஃபீல்டு ரைஃபிள். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையின் பேர் அதற்கு. இதுவும் வாய் வழியாகக் கெட்டிக்கிறதுதான். ஆனால் குழலுக்குள் திருகு வரி வெட்டியிருக்கும். குண்டு சுழன்றுகொண்டே போகும். பழைய மஸ்கெட் 100 கஜம் தாண்டினால் சாமிக்கு நேர்ந்துக்கிட்டுச் சுடணும். இது அதற்குப் பல மடங்கு தூரம் குறி தவறாமல் போனது.

மருந்தும் குண்டும் ஒரு காகிதச் சுருளில் இருக்கும். அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைத் தள்ளணும். குண்டு வழுக்கிப் போக அந்தக் காகிதத்தில் கொழுப்பு தடவியிருக்கும். மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பேச்சு கிளம்பி, 1857ல் என்ன நடந்தது என்று ஏழாவது வகுப்பிலேயே படித்துவிட்டோம்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கதி. 1857 ஏப்ரல் 24ல் மீரட் பரேடில் தோட்டாவைத் தொட மறுத்த 85 பேரும் குதிரைப்படைக்காரர்கள். மூன்றாவது பெங்கால் லைட் கேவல்ரி. அவர்கள் கையில் இருந்தது என்ஃபீல்டு இல்லை, பழைய கார்பைன். அன்றைக்குக் கொடுத்த தோட்டாவும் அவர்கள் பல வருஷமாகப் பயன்படுத்திய அதே தோட்டா. ஆனாலும் தொடவில்லை. நம்பிக்கை போன பிறகு பழைய தோட்டா, புது தோட்டா என்ற வித்தியாசமெல்லாம் எங்கே? மே 9ல் அவர்களுக்கு எல்லார் முன்னாலும் விலங்கு மாட்டினார்கள். மே 10ல் மீரட் வெடித்தது.

"அதெல்லாம் வடக்கே, மெட்ராஸ் அமைதியா இருந்துச்சு" என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த அமைதிக்குள் ரெண்டு காட்சி இருக்கு.

ஒன்று நம்ம கடற்கரையில். அப்போது ஹார்பர் கிடையாது. இன்றைக்கு ராஜாஜி சாலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடல். அலையைத் தாண்டி மசூலாப் படகில் போய்த்தான் கப்பல் ஏறணும் (இரும்புப் பாலம் 1861ல்தான் வந்தது, துறைமுக வேலை அதற்கும் பிறகு). 1857 மே மாசம் அப்படிக் கப்பலேறி கல்கத்தா போனது மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். பேர்தான் மெட்ராஸ், ஆள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். கையில் புத்தம்புது என்ஃபீல்டு. கூட்டிப்போனவர் கர்னல் நீல். வடக்கே அவர் செய்த கொடுமைகளுக்குப் பரிசாக மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927ல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது, 1937ல் ராஜாஜி அரசு அதைத் தூக்கி மியூசியத்துக்கு அனுப்பியது.

ரெண்டாவது காட்சி பூந்தமல்லியில். எட்டாவது மெட்ராஸ் லைட் கேவல்ரி, நம்ம ஆட்கள் இருந்த குதிரைப்படை. கல்கத்தாவுக்குக் கப்பலேற பெங்களூரிலிருந்து கிளம்பி வந்தார்கள். சம்பளம், பென்ஷன் பழைய கணக்கில் வேண்டும் என்று கேட்டு, வழியில் நின்று, பூந்தமல்லியில் மறுபடி நின்று, கடைசியில் போக மாட்டோம் என்றார்கள். குதிரையையும் ஆயுதத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். குதிரைகள் கல்கத்தா போயின, மனுஷர்கள் போகவில்லை. ரெஜிமென்ட்டையும் பிறகு கலைத்துவிட்டார்கள்.

ஒரே வருஷம், ஒரே ஊர். ஒருத்தன் புதுத் துப்பாக்கியோடு கப்பலேறுகிறான், இன்னொருத்தன் கையில் இருந்த பழசையும் கொடுத்துவிட்டு நடந்து போகிறான்.

வரி இல்லாத குழல்

கலகம் அடங்கியதும் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பீரங்கி இனிமேல் வெள்ளைக்காரன் கையில்தான், சிப்பாய் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் வெள்ளைக்காரப் படை இருக்கணும் என்றெல்லாம் முடிவானது. துப்பாக்கி விஷயத்தில் செய்ததுதான் சாமர்த்தியம். இந்தியச் சிப்பாய்களுக்காகவே ஒரு தனி மாடல் இறக்கினார்கள். வெளியே பார்த்தால் என்ஃபீல்டு மாதிரியே இருக்கும். உள்ளே திருகு வரி கிடையாது, மொழுமொழு குழல். அளவு .656. தூரம் கணக்குப் போட்டு ஏற்றி இறக்கும் குறிப்பலகை கிடையாது. ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் பரேடில் நின்றால் துப்பாக்கி ஒன்று போலத்தான் தெரியும். சுடும்போதுதான் வித்தியாசம்.

தொழிற்சாலையில் உட்கார்ந்து யாரோ ஒருத்தர், நல்லா செய்யத் தெரிந்த பொருளை வேணும்னே மட்டமாகச் செய்வதற்கு வரைபடம் போட்டிருக்கிறார். எனக்கு அதுதான் ரொம்ப நேரம் மண்டையில் ஓடியது.

ஸ்னைடர் வந்த கதை

1860களில் ஐரோப்பா முழுக்கப் பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கிக்கு மாற ஆரம்பித்தது. 1866ல் பிரஷ்யா ஆஸ்திரியாவைச் சில வாரத்தில் மண்ணைக் கவ்வ வைத்ததில் அந்த வகைத் துப்பாக்கிக்குப் பெரிய பங்கு. பிரிட்டிஷ்காரர்களிடம் லட்சக்கணக்கில் என்ஃபீல்டு கிடந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. இருப்பதையே மாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டார்கள். பதில் சொன்னவர் ஜேக்கப் ஸ்னைடர், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாக்காரர்.

அவர் யோசனை நம்ம ஊர் லேத் பட்டறைக்காரருக்குச் சொன்னால் உடனே புரியும். குழலின் அடிப்பக்கத்தில் ரெண்டரை அங்குலம் போல வெட்டி எடு. அந்த இடத்தில் ஒரு இரும்பு உறையைத் திருகிப் பொருத்து. அதில் வலது பக்கம் கீல் வைத்த ஒரு கட்டி. தகர டப்பா மூடி மாதிரி அதைப் பக்கவாட்டில் திற, தோட்டாவை வை, மூடு, சுடு. சுட்ட பிறகு மறுபடி திறந்து, கட்டியைப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே வரும், துப்பாக்கியைக் கவிழ்த்தால் கீழே விழும். பழைய சுத்தியல், பழைய விசை, பழைய மரக்கட்டை எல்லாம் அப்படியே. நிமிஷத்துக்கு மூன்று வெடி என்றிருந்தது பத்து வெடி ஆனது.

தோட்டா வூலிச் ஆய்வகத்தின் கர்னல் பாக்ஸர் வடிவமைத்தது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டு. ஈயக் குண்டின் அடியில் ஒரு குழி, அதற்குள் சுட்ட களிமண் அடைப்பு. வெடிக்கும்போது அந்தக் களிமண் முன்னே தள்ளி ஈயத்தை விரிக்கும், ஈயம் திருகு வரியில் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். காகிதத்தைக் கடிக்கத் தேவையில்லை. பத்து வருஷம் முன்னால் இது வந்திருந்தால் மீரட்டில் பல்லால் கடிக்கும் பேச்சே வந்திருக்காது. (வேற ஏதாவது ஒன்று வெடித்திருக்கும், 1806ல் வேலூரில் தொப்பிக்காக வெடிக்கலையா?)

கார்பைன் மாடல் 1867ல் வந்தது. குழல் 19 அங்குலம் சொச்சம், மொத்த நீளம் ஒரு மீட்டருக்கும் கம்மி. நீள ரைஃபிளோடு ஒப்பிட்டால் மூன்றில் ரெண்டு பங்குதான். கெட்டிக்கிற கம்பி தேவையில்லாததால் குழலுக்கு அடியில் கம்பியே கிடையாது. குதிரைக்காரனின் நூறு வருஷத் தலைவலி தீர்ந்தது.

இதைக் கண்டுபிடித்த ஸ்னைடருக்குப் பணம் வருவதற்குள் இழுத்தடித்தார்கள். 1866லேயே கடன்காரராகச் செத்துப்போனார். அவர் பேர் மட்டும் உலகம் சுற்றியது.

ஒரே மலை, ரெண்டு துப்பாக்கி

ஸ்னைடர் முதல் முறை பெரிய சண்டையில் வெடித்தது ஆப்பிரிக்காவில். ஆனால் போன படை இந்தியாவிலிருந்து. அபிசீனியாவின் தியோடர் மன்னர் பிரிட்டிஷ் ஆட்களைச் சிறை வைத்ததால் 1867 டிசம்பரில் ஜெனரல் நேப்பியர் பம்பாயிலிருந்து கிளம்பினார். நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸும் அதில் போனார்கள். ரோடு போட, கிணறு தோண்ட, பாலம் கட்ட.

1868 ஏப்ரல் 10ம் தேதி ஆரோகி என்ற இடத்தில் சண்டை. நான்காவது கிங்ஸ் ஓன் என்ற வெள்ளைக்கார ரெஜிமென்ட் கையில் ஸ்னைடர். அதே மலையில் பக்கத்தில் நின்ற பஞ்சாப் பயனியர்ஸ் கையில் வாய்வழி மஸ்கெட். ஸ்னைடர்க்காரர்கள் நின்ற இடத்திலிருந்தே மழை மாதிரி சுட்டார்கள். பஞ்சாப்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. ஈட்டியோடு வந்தவர்களைப் பயனெட்டால் எதிர்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்தில் 700 பேர் வரை செத்தார்கள். இந்தப் பக்கம் காயம்பட்டவர்களில் ரெண்டு பேர் பிறகு இறந்ததோடு சரி. பெருமைப்பட ஒன்றுமில்லை. எளிய ஆட்களை எந்திரத்தை வைத்து அடித்த கதை. ஆனால் அந்த மலையில் ஜெயித்த பக்கத்துக்குள்ளேயே ரெண்டு வகை சிப்பாய் இருந்தான்.

இதற்குப் பிறகு வந்த வரிசையைப் பாருங்க. 1871ல் மார்டினி ஹென்றி என்ற இன்னும் நல்ல ரைஃபிள் வந்தது. வெள்ளைக்காரப் படைக்கு அதைக் கொடுத்ததும், அவர்கள் கழித்துக் கட்டிய ஸ்னைடர் 1870களில் இந்தியச் சிப்பாய்க்கு இறங்கியது. 1890களில் வெள்ளைக்காரப் படைக்கு மேகசின் வைத்த லீ மெட்ஃபோர்டு. உடனே மார்டினி இந்தியச் சிப்பாய்க்கு. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவது மாதிரி. வீட்டில் அதை வறுமையில் செய்வார்கள், இங்கே பயத்தில்.

1880 ஜூலை 27, ஆப்கானிஸ்தானில் மைவாண்ட். ஒரே படை. 66வது ரெஜிமென்ட் வெள்ளைக்காரர்களிடம் மார்டினி, பக்கத்தில் பம்பாய் கிரெனடியர்ஸிடமும் ஜேக்கப்ஸ் ரைஃபிள்ஸிடமும் ஸ்னைடர். 2,500 பேரில் 900க்கும் மேல் செத்துப்போனார்கள். தோல்விக்கு ஆயிரம் காரணம் உண்டு, ஸ்னைடர் மட்டும் காரணம் இல்லை. ஆனால் ரெண்டு வகைத் தோட்டாவைக் கட்டிக்கொண்டு ஒரே வரிசையில் நின்றார்கள் என்பது நிஜம். 66வது ரெஜிமென்ட்காரனின் தோட்டாவைக் கடன் வாங்கிப் போட முடியாது, அளவு வேற.

இடையில் 1878ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. 1887ல் நம்ம மெட்ராஸில், ஆயிரம் விளக்கு மக்கீஸ் கார்டனில் நடந்த மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டிலேயே இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

"உங்க ஆளுங்க ஸ்லோ"

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

டிப்ளமோ முடித்ததும் மணலிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் (பேர் வேண்டாம்) மூணு வருஷம் கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தேன். ஒரே ஷெட், ஒரே மெஷின். நீல யூனிஃபார்ம் போட்டால் பர்மனென்ட், காக்கி போட்டால் கான்ட்ராக்ட். வருஷா வருஷம் புது ஸ்பேனர் செட் வரும். நீலத்துக்குப் போகும். அவர்கள் பழசு காக்கிக்கு வரும். வாய் தேய்ந்த ஸ்பேனரில் நட்டைப் பிடித்தால் வழுக்கும். நட்டின் முனை மழுங்கும். முட்டி பேந்துபோகும், என் வலது கை விரல் முட்டியில் இன்னும் தழும்பு இருக்கு. பத்து நிமிஷ வேலை இருபது நிமிஷம் ஆகும்.

மாசக் கடைசி மீட்டிங்கில் சூப்பர்வைசர் சொல்வார், "கான்ட்ராக்ட் ஆளுங்க ஸ்லோப்பா. இவங்கள நம்பி புது டூல் குடுத்தா தொலைச்சுடுவாங்க."

எங்க கூட இருந்த காசிமேட்டு அண்ணன் ஒருத்தர் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து சொன்னார்: "தேஞ்சத குடுத்துட்டு தேயுறான்னு சொல்றாம்பா." அவர் ஒரு நாள் தன் காசிலேயே பாரிமுனை போய் ஒரு புது செட் வாங்கி வந்தார். அந்த மாசம் எங்க டீம்தான் முதலில் முடித்தது. கேட்டில் செக்யூரிட்டி அவர் பையைத் தினமும் ரெண்டு முறை சோதித்தார், கம்பெனி ஸ்பேனரைத் திருடுகிறாரா என்று.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மெட்ராஸ் சிப்பாய்க்கும் இதே மீட்டிங் நடந்தது. 1881லிருந்து 1885 வரை மெட்ராஸ் ராணுவத்துக்குத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். ரொம்ப நாள் சண்டையில்லாமல் இருந்த மெட்ராஸ்காரனிடம் பழைய போர்க்குணம் போய்விட்டது, வடக்கத்தி ஆட்களோடு வைத்துப் பார்க்க முடியாது என்பது அவர் முடிவு. பிறகு இந்தியா முழுக்கத் தளபதியானார். 'போர் இனம்' என்ற கொள்கை அப்படித்தான் காலூன்றியது. மெட்ராஸ் காலாட்படைகள் ஒன்றொன்றாகக் குறைந்தன, சிலவற்றில் பேர் இருக்க ஆள் மாறினார்கள். வரியில்லாத குழலையும், அதற்குப் பிறகு கழித்த ஸ்னைடரையும் கொடுத்து, வேலூருக்குப் பிறகு ஒவ்வொரு அசைவையும் சந்தேகப்பட்டு, கடைசியில் "இவன் சரிப்பட்டு வரமாட்டான்." மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் தப்பித்தார்கள். அவர்கள் கையில் எப்போதும் வேலை இருந்தது.

மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது 1941ல், உலகப்போர் கழுத்தை நெரித்தபோது. ஆள் தேவைப்பட்டதும் போர் இனக் கொள்கையெல்லாம் காணாமல் போயிடுச்சு.

மரக்கட்டை அடைத்த மேகசின்

ஒரு தலைமுறை பின்னால் என்ற வழக்கமும் அப்படித்தான் உடைந்தது. 1914ல் இந்தியப் படை பிரான்ஸில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியதும், அங்கே வைத்தே புது லீ என்ஃபீல்டு கொடுத்தார்கள். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரனின் தோட்டா இவன் துப்பாக்கியிலும் போகணுமே. எதிரே ஜெர்மன்காரன். பயம் அந்தப் பக்கம் திரும்பியதும் நம்பிக்கை தானாக வந்தது.

போலீசுக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. அதே லீ என்ஃபீல்டை எடுத்து, இஷாப்பூர் தொழிற்சாலையில் குழலின் வரியைச் சுரண்டி எடுத்து .410 மஸ்கெட் ஆக்கினார்கள். பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசினுக்குள் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்தார்கள். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வைத்துச் சுடணும். துப்பாக்கி பிடுங்கப்பட்டால் எதிரிக்கு ரொம்பப் பயன்படக் கூடாது, கான்ஸ்டபிளே திரும்பினாலும் ரொம்பப் பயன்படக் கூடாது. 1858ல் போட்ட அதே வரைபடம். சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுநாள் '410' நம்ம ஸ்டேஷன்களில் இருந்தது. போலீஸ் குடும்பத்துக்காரர்கள் யாராவது இருந்தால் தாத்தா, சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்க.

ஸ்னைடர்கள் என்ன ஆயின? நிறைய உருக்கப்பட்டன. நேபாளத்தில் ஸ்னைடரைப் பார்த்து அவர்களே செய்துகொண்டதும் உண்டு. 2003ல் காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் குவிந்து கிடந்த சுமார் 50,000 பழைய துப்பாக்கிகளை ரெண்டு அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப் போனார்கள். அதில் ஸ்னைடரும் மார்டினியும் மூட்டை மூட்டையாக இருந்தன. இப்போது அவை அமெரிக்க வீடுகளின் ஹாலில் தொங்குகின்றன.

திருவொற்றியூருக்கு வந்த என்ஃபீல்டு

அக்கா பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். எந்தத் துப்பாக்கி?

இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊர். ஊசி செய்வதற்குப் பேர் போன ஊர். அங்கே ஊசி செய்த ஒரு கம்பெனி சைக்கிளுக்கு மாறியது. 1890களில் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு ரைஃபிள் பாகங்கள் செய்து கொடுக்கும் ஆர்டர் கிடைத்தது. அந்தப் பெருமையில் சைக்கிளுக்கு என்ஃபீல்டு என்று பேர் வைத்தார்கள், 'ராயல்' சேர்த்தார்கள், பீரங்கியைச் சின்னமாக்கினார்கள். முதல் மோட்டார் சைக்கிள் 1901. புல்லட் என்ற பேர் 1930களில். அதாவது அவர்கள் பாகம் செய்தது மேகசின் ரைஃபிள் காலத்தில். ஸ்னைடர் அதே தொழிற்சாலையின் முந்தின தலைமுறைப் பிள்ளை. துப்பாக்கிக்கும் பைக்குக்கும் ஊர்ப்பேர் உறவு, ரத்த உறவு இல்லை.

1950களில் எல்லையில் ரோந்து போக இந்திய ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டது. 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா. முதலில் பாகங்களாக வந்ததை இங்கே பூட்டினார்கள். கொஞ்ச வருஷத்தில் எல்லாப் பாகமும் திருவொற்றியூரிலேயே.

இங்கிலாந்து அதற்குப் பிறகு புது மாடல்களுக்குப் போனது. நம்மிடம் இருந்தது 1955 மாடல். மறுபடியும் ஒரு தலைமுறை பழசு! படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இந்த முறை கதை வேற மாதிரி போனது. ஊசியும் துப்பாக்கியும் செய்த ரெடிட்ச் 1967ல் மூடியது, 1970ல் இங்கிலாந்துக் கம்பெனியே போனது. இங்கே எங்க தெரு மாமாக்கள் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். டேங்கில் கையாலேயே தங்கக் கோடு இழுத்தார்கள். 1977ல் திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் விற்றது. 1988ல் அந்த ஆதி என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலையும் மூடிவிட்டது. 2013ல் ஒரகடத்தில் புது ஃபேக்டரி வந்து உற்பத்தி அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது வேற கதை, அதற்கு இன்னொரு பதிவு வேணும்.

தேய்ந்த மாடலைக் கொடுத்தார்கள். நம்ம ஆட்கள் அதைத் தேய விடவில்லை. 1858ல் வரியில்லாத குழலுக்கு வரைபடம் போட்ட அந்த ஆளுக்கும், எங்க சூப்பர்வைசருக்கும் நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: கையில் என்ன கொடுத்தீங்கன்னு முதல்ல பாருங்க, அப்புறம் கையைப் பத்திப் பேசலாம்.

காசிமேட்டு அண்ணன் இப்போது சொந்தமாக ராயபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கூட ரெண்டு பையன்கள். பட்டறையில் ஒரு விதி உண்டு: புது டூல் வந்தால் முதலில் புதுப் பையன் கைக்குத்தான். "பழசுல நான் சமாளிச்சுக்குவேன், அவன் கத்துக்கணும்ல" என்கிறார்.

டிஸ்கி: உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் மெடல், ராணுவ பென்ஷன் புத்தகம், '410' பிடித்த போட்டோ ஏதாவது கிடந்தால் அதைப் பற்றி ஒரு பதிவு போடுங்க மக்களே. எந்த வருஷம், எந்த ரெஜிமென்ட், கையில் எந்தத் துப்பாக்கி என்று பார்த்துச் சொல்லுங்க. பழைய துப்பாக்கியா இருக்கும்னு பந்தயம் கட்டுறேன்.